பிடித்துக் காட்டும் அலகுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் கற்பிக்கிறேன். பறவைப் பாடம் வந்தால் மினுக்குத் தாள் ஒட்டிக் கிளி செய்து சுவரில் மாட்டுவது வழக்கம். பார்க்க வடிவுதான். ஆனால் கிளிக்கு அலகு ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டால், ஒட்டிய பிள்ளைக்கே சொல்லத் தெரியாது. அதனால் என் வகுப்பில் செய்யும் அலகு எதையாவது பிடித்துக் காட்ட வேண்டும்.

பறவையும் நம்மூர்ப் பறவையாகவே இருக்கட்டும் என்பேன். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. இங்கிருந்துகொண்டு பென்குயினுக்கு நிறம் தீட்டுவானேன்?

கூழைக்கடாவைப் பேர வாவிப் பக்கம் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்தே கண்டிருப்பார்கள். கம்பியை வளைத்து அதில் சொப்பிங் பையைக் கட்டினால் அலகு தயார். பேசின் தண்ணீரில் மிதக்கும் போத்தல் மூடிகள்தான் மீன்கள். முதலில் அள்ளிய பையன், "மிஸ், தூக்க ஏலாது!" என்றான். அவ்வளவு தண்ணீர். இன்னொருவன் சரித்து ஊற்ற, மூடிகளும் சேர்ந்து ஓடிவிட்டன. அப்புறம் ஒரு சிறுமி பையின் வாயைக் கையால் இறுக்கிக்கொண்டு மெல்லப் பிழிந்தாள். தண்ணீர் விரலிடுக்கால் வடிந்தது, மூடிகள் உள்ளே நின்றன. கூழைக்கடா செய்வதும் அதைத்தான். அலகை நெஞ்சோடு அழுத்தித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மீனை விழுங்கும். மீனைச் சேமித்து வைக்கத்தான் அந்தப் பை என்று நம்பும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

இறகுக்கு, பிரிஸ்டல் போட்டில் வெட்டி மெழுகுதிரியால் தேய்த்தோம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. வாத்து வாலடிச் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து இறகில் பூசுவதைச் சொன்னேன். உடனே ஒரு கேள்வி: "அப்ப நீர்க்காகம் மட்டும் ஏன் மிஸ் சிறகை விரிச்சுக் காயவைக்குது?" ஒட்டி முடித்து மாட்டும் பாடத்தில் இந்தக் கேள்வி பிறக்கவே பிறக்காது. காயத்துக்கு வைக்கும் பஞ்சைத் தண்ணீரில் போட்டோம். நனைந்ததும் அமிழ்ந்தது. தேங்காயெண்ணெய் தடவிய பஞ்சு மிதந்தது. நீர்க்காகத்தின் இறகு வெளிப்புறம் நனைந்துவிடுவதால் காற்று அதிகம் தங்காது, முக்குளிக்க இலகு. பிறகு வெயிலில் காயவைக்க வேண்டியதுதான்.

அடுத்தது, நீரில் மிதக்கும் இலைகளின் மேல் நீண்ட விரல்களால் நடக்கும் இலைக்கோழி. ஈர்க்கில் நீண்ட விரல்கள் செய்து, பேசின் வாயில் விரித்த ஈரப் பத்திரிகைத் தாளின் மேல் நிறுத்திப் பார்க்கப்போகிறோம். விரல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று இப்போதே பிள்ளைகளுக்குள் வாக்குவாதம்.