லிஃப்ட் மேலே வருகிறது

திகில் காட்சிகளின் ரஷ் (வெட்டாத படப்பதிவு) எடிட்டிங்குக்கு வந்ததும் இயக்குநர்கள் வழக்கமாகச் சொல்வது: “டென்ஷன ஆர்.ஆர்.ல ஏத்திக்கலாம்.” ஆர்.ஆர். என்றால் ரீ-ரெக்கார்டிங், பின்னணி இசை. சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கு எடிட்டிங் செய்யும் எனக்கு இதில் உடன்பாடில்லை. பார்ப்பவருக்கு எது, எப்போது தெரியவேண்டும் என்பது எடிட்டிங்கில் அமையாவிட்டால், பின்னணி இசை எவ்வளவு அதிர்ந்தாலும் வெறும் சத்தம்தான்.

ஒரு காட்சி. பழைய வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக். தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். திரைக்கதைப்படி கதவு தட்டப்படும், எட்டிப் பார்ப்பாள், வெளியே அவன். ஒரு கணம் திடுக்கிடுவோம், அவ்வளவுதான். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன மேசையடி வெடிகுண்டுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே: குண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, அது அங்கே இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் 15 நிமிடத் தவிப்பு.

அதனால் அவன் வாய்டு டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) லிஃப்ட் பொத்தானை அழுத்தும் ஷாட்டை முன்னே கொண்டுவந்தோம். அதற்கும் முன்னால், இரும்பு கேட்டில் சும்மா மாட்டியிருக்கும் பூட்டு. மரக்கதவைத் திறந்துபோட்டு கேட்டை மட்டும் சாத்திவைப்பது இங்கே பல வீடுகளில் பழக்கம். தினமும் அதைச் செய்கிற நம்மாட்களுக்கு அந்த ஒரு ஷாட் போதும். பழைய லிஃப்ட் கதவில் ஒடுக்கமான கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு மாடியின் வெளிச்சமும் அவன் முகத்தில் விழுந்து விலகியது. ஒளிப்பதிவாளர் புண்ணியம்.

ஆபத்து நெருங்க நெருங்க ஷாட்களைச் சின்னதாக வெட்டுவது வழக்கம். நாங்கள் அவன் ஷாட்களை மட்டும் குறுக்கினோம். அவளுடையதை நீட்டினோம். சாதம் வடிக்கிறாள், போனைப் பார்க்கிறாள், வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறாள். அங்கே கட் பண்ணாமல் இன்னும் 12 ஃபிரேம். 25 ஃபிரேம் ஒரு விநாடி என்றால் அது அரை விநாடிகூட இல்லை. ஆனால் பார்ப்பவரின் கண் அதற்குள் அவளை விட்டு, பின்னால் மங்கலாகத் தெரியும் காரிடாருக்குப் போய்விடும்.

சத்தத்தில் நாங்கள் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம். மின்விசிறி, பக்கத்து வீட்டுச் சீன நாடகம், ஒலிப்பதிவாளரின் பரம எதிரியான குயில் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் விசிறியை மட்டும் விட்டோம். லிஃப்ட் கதவு திறக்கும் ஓசை அவள் முகத்தைக் காட்டும் ஷாட்டில் கேட்கும். கதவைக் காட்டவே இல்லை.

இயக்குநர் விடவில்லை, இசை வேண்டும் என்றார். 1960இல் வந்த ‘சைக்கோ’வைக் காட்டினார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்றிருந்த ஹிட்ச்காக், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் போட்டுக்காட்டியதும் மனம் மாறியது உண்மைதான். ஆனால் குளியலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் உருவம் நெருங்கும்வரை அங்கேயும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். திரைச்சீலை விலகிய பிறகுதான் வயலின் அலறும். அதையே திரும்பப் போட்டுக் காட்டினேன். சரி, கேட் அசைந்த பிறகு ஆர்.ஆர். என்று சமாதானமானோம்.

அப்புறம் வந்தது ஆங்கில சப்டைட்டில். “யாரது... நீயா?” என்று அவள் இழுத்துக் கேட்பதை ஒரே வரியாகப் போட்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன்பே படித்துவிடலாம். இரண்டாகப் பிரித்து, “நீயா”வை அவள் சொல்லும் ஃபிரேமிலேயே வைக்கச் சொல்லி அனுப்பினேன்.