எழுந்திருக்க மறுத்த அடைக்கோழி

அடை வைத்து இன்று 19-ஆம் நாள். வைத்தது 12 முட்டை, இப்போது இருப்பது 9. போன மூன்றில் இரண்டு கூமுட்டை. மூன்றாவது என் கைங்கரியம்.

பெட்டை அடையை விட்டு இறங்கவே இல்லை. மற்ற கோழிகள் நாளுக்கு ஒரு தடவையாவது இறங்கித் தின்று, குடித்து, மூக்கைப் பொத்த வைக்கும் ஒரு பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டு 15, 20 நிமிடத்தில் திரும்பிவிடும். இது நான் பார்க்காதபோது இறங்குகிறதோ என்று கூட்டு வாசலில் மணலைப் பரப்பி வைத்தேன். இரண்டு நாளாக ஒரு கால்தடம் இல்லை.

சரி, தூக்கி இறக்குவோம் என்று 4-ஆம் நாள் கையை விட்டேன். இறகைச் சிலிர்த்து உர்ரென்று மணிக்கட்டில் ஒரு கொத்து. வலியில் சடாரென்று தூக்கிவிட்டேன். ஒரு சாண் உயரம் வந்ததும் சிறகிடுக்கிலிருந்து ஒரு முட்டை நழுவி விழுந்து உடைந்தது. மஞ்சள்கருவின் மேல் சிவப்பு நூலாக நரம்பு ஓடியிருந்தது. கூமுட்டையாவது உடைந்திருக்கக் கூடாதா!

இப்போது தூக்குவதில் நான் கைதேர்ந்தவன். உள்ளங்கையை மேல்நோக்கி நெஞ்சுக்கு அடியில் நுழைக்க வேண்டும். இன்னொரு கையால் சிறகுக்கும் உடம்புக்கும் நடுவே, அப்புறம் காலிடுக்கில் தடவி, சிக்கிய முட்டையைக் கீழே தள்ளிவிட வேண்டும். பிறகு நான்கு விரல் உயரம் தூக்கி ஒரு நொடி நிறுத்த வேண்டும். விழுவது அங்கேயே விழுந்தால் உடையாது. தரையில் விட்டால் உடனே நடக்காது, தட்டையாகப் பரப்பிக்கொண்டு உட்காரும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் உதறிக்கொண்டு எழும். பக்கத்தில் சாம்பல் கலந்த மண்ணும் வைத்திருக்கிறேன், புரண்டால் பேன் குறையும்.

7-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு வெறுமையாகத் தெரிந்தன. இரண்டுமே வெளியில் வாங்கியவை. எத்தனை நாள் முட்டை என்று கேட்டபோது விற்றவர் சிரித்தார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அடை வைத்த முட்டைகளில் அடையாளத்துக்குப் பென்சில் கோடு போட மட்டும் இந்த முறை மறக்கவில்லை. போன தடவை மற்ற பெட்டைகள் நடுவில் வந்து இட்டுவிட்டுப் போனதில் எது பழசு எது புதுசு என்றே தெரியாமல் போனது.

அடுத்து வாத்து முட்டை வைக்கலாமா என்று ஒரு யோசனை. 28 நாள் ஆகும், இந்தப் பிடிவாதக்காரி தாங்குவாள். ஆனால் குஞ்சுகளுக்குத் தடுப்பே இன்னும் கட்டவில்லை. வலை வாங்கி ஒரு மாதமாகச் சுருட்டியபடியே கிடக்கிறது.

18-ஆம் நாளிலிருந்து தூக்குவதை நிறுத்திவிட்டேன். இனி அசைக்கக் கூடாது. கற்ற வித்தை சும்மா கிடக்கிறது. தண்ணீரையும் தானியத்தையும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வைத்ததோடு சரி. மாலையில் தலையைச் சாய்த்து, வயிற்றுக்கு அடியில் யாரிடமோ பேசுவது போல மெதுவாகக் குர்க், குர்க் என்றது. உள்ளிருந்து பதில் வருகிறதா என்று காதை அருகில் கொண்டுபோனேன். கன்னத்தில் விழுந்தது கொத்து.