தாழ்மையுடன் கேட்டுக்கொல்கிறேன்

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் தன் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய விடுப்புக் கடிதம். இரட்டைக்கோடு நோட்டிலிருந்து கிழித்த தாள், ஓரமெல்லாம் பிசிறு. அனுப்புநர், பெறுநர், ஐயா/அம்மா வரைக்கும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியது இது:

"எங்கள் ஆடு இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடும். ஆகையால் எனக்கு இன்று ஒருநாள் மட்டும் அல்லது குட்டி போடும்வரை விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொல்கிறேன்."

நான் மாதிரிக்கு எழுதிப் போட்ட கடிதத்தில் காரணம் "காய்ச்சல்". அதனால் எங்கள் பள்ளியில் எல்லா விடுப்புக்கும் காய்ச்சல்தான். சித்தி கல்யாணத்துக்குப் போனவனும் காய்ச்சல் என்று எழுதுவான், கையில் மருதாணியோடு வந்து நிற்பவளும் காய்ச்சல் என்றுதான் எழுதியிருப்பாள். இவள் ஒருத்திதான் உள்ளதை எழுதினாள். கடிதத்தை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு, அவள் பெயருக்கு நேரே விடுப்பு என்று குறித்தேன்.

விருதுநகர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 21 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இந்தக் "கொல்" எனக்குப் பழகிய சொல். மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திறந்தால் வரிசையாக வரும். "என் அம்மா என்னை நன்றாகப் பார்த்துக்கொல்வார்." "நானும் தம்பியும் அன்பாக நடந்துகொல்வோம்." ஒரு பையன் எழுதியிருந்தான்: "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. பாட்டிதான் கூடவே இருந்து பார்த்துக்கொல்கிறார்."

ஆரம்ப வருடங்களில் இதற்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பத்துத் தடவை எழுதிவரச் சொல்வேன். எழுதிவருவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் கொல்வார்கள். எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆயிற்று. அந்தப் பிள்ளை வீட்டில் "பார்த்துக்கிறாங்க" என்கிறது, "கேட்டுக்கிறேன்" என்கிறது. அந்தப் பேச்சில் "கொள்" எங்கே இருக்கிறது? புத்தகத்தில்தான் முதன்முதலாக அதைப் பார்க்கிறது. காதில் விழாத ஒரு சொல்லுக்கு லகரமா ளகரமா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? எங்கள் பக்கம் பழம் என்பது "பளம்", கிழவி என்பது "கெளவி". சென்னைப் பக்கம் போனால் அதே பழம் "பயம்" ஆகிவிடும். ரகரமும் றகரமும் எங்கள் ஊர்க் காதுக்கு ஒன்றுதான். 247 எழுத்தையும் சரியாகச் சொல்லும் பிள்ளைகூட, எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்தபிறகு பத்துத் தடவை எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன். "கொள்" வரும் வரிகளைச் சத்தமாக, நாக்கை மடித்துப் படிக்கச் சொல்கிறேன். கொஞ்சம் பலன் இருக்கிறது.

பிள்ளைகள் தப்பாக எழுதுவதற்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும். நமக்கு நேரம் இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்பில் எதிர்ச்சொல் கொடுத்திருந்தேன். ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான்.

ஏறு × ஏறாதே
வா × வராதே
எடு × எடுக்காதே
சிரி × சிரிக்காதே
தூங்கு × எந்திரி

ஏறு என்றால் இறங்கு, வா என்றால் போ என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன். ஆனால் இதில் என்ன தப்பு என்று அவனுக்கு விளக்கப் போனபோது எனக்கே வார்த்தை வரவில்லை. எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு என்று ஏழு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? அதனால் கடைசி வரியைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏன் தூங்காதேன்னு எழுதல?" என்று கேட்டேன்.

"தூங்காதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க டீச்சர். எந்திரி எந்திரின்னுதான் சொல்லுவாங்க."

அவனுடைய வீடு அந்த ஐந்து வரியில் இருந்தது. மரத்தில் ஏறாதே, வேலை செய்கிற இடத்துக்கு வராதே, எதையும் எடுக்காதே, பெரியவர்கள் பேசும்போது சிரிக்காதே. விடிந்தால் எந்திரி, அம்மாவுக்கு வண்டி வந்துவிடும். நான் எதையும் அடிக்கவில்லை. பக்கத்திலேயே புத்தகச் சொல்லையும் எழுதிக் கொடுத்து, "இதுவும் சரி, பரீட்சையில இதை எழுது" என்றேன்.

வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். ஒருநாள் வராத பையனின் பெயரைக் கூப்பிட்டதும், பக்கத்தில் உட்காருகிறவன் எழுந்து "அவன் இல்லேன் டீச்சர்" என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. உள்ளேனுக்கு இல்லேன். கணக்கு சரிதானே.

2022இல் சிறு வகுப்புகளுக்கு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். வந்த இரண்டாவது மாதம், காலையில் பிரார்த்தனைகூட முடியவில்லை, ஓர் அப்பத்தா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு முடி எறக்குன பிள்ளைய, படிச்ச நீங்களே மொட்டைன்னு சொல்லலாமா டீச்சர்? பிள்ளை ராத்திரி பூரா சோறு திங்கல." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேரனைக் கூப்பிட்டேன். தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. முந்தின நாள் நான் அவனிடம், "நீ இனிமே மொட்டு, அந்தப் பக்கம் போய் உக்காரு" என்று சொல்லியிருக்கிறேன். அரும்பிலிருந்து மேலே ஏறிய பையன், தலையைப் பார்த்துச் சொன்னதாக நினைத்துவிட்டான். அப்பத்தாவுக்குப் புத்தகத்தில் இருந்த மொட்டுப் படத்தைக் காட்டி விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. போகும்போது, "அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அது நியாயம்தான்.

நம்மைப் பற்றியும் பிள்ளைகளிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் நான்கைந்து சிறுமிகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சரான சிறுமி துண்டை முந்தானையாகப் போட்டிருந்தாள். கையில் குச்சி. ஒரு பிள்ளை ஏதோ கேட்க எழுந்தது. இவள் திரும்பிப் பார்க்காமலே, "இப்பத்தானே சொன்னேன்? காது வீட்ல இருக்கா?" என்றாள். குரல் என்னுடையது. இழுப்புகூட என்னுடையது. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தேகம் கேட்க எழுந்த பிள்ளை மட்டும், விளையாட்டிலும், மெல்ல உட்கார்ந்தது. நான் அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு சொன்னதில்லை. வாய்வரை வரும், நிறுத்திக்கொள்வேன்.

மொழிப் பயிற்சிக்காக "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. எளிய கேள்வி என்றுதான் எல்லா ஆசிரியர்களும் நினைத்தோம். ஒருத்தி தினமும் தோசை, சட்னி என்பாள். திங்கட்கிழமை என்றால் கோழிக்குழம்பும் சேரும். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல்: "பொய் டீச்சர். அவங்க வீட்ல அடுப்பே பத்தவைக்கல. எங்க வீட்ல வந்து வரக்காப்பிதான் குடிச்சா." சொன்ன பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பொய் சொல்லக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தச் சிறுமி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, பலகைக் குச்சியை எச்சில் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியை அன்றோடு நிறுத்தினேன். 2023 ஆகஸ்ட் 25இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபிறகுதான் மறுபடி கேட்கிறேன். இப்போது எல்லாருக்கும் ஒரே பதில்தான். உப்புமா என்றால் எல்லாருக்கும் உப்புமா. பொங்கல் என்றால் எல்லாருக்கும் பொங்கல். இந்த ஒரே மாதிரியான பதில் எனக்குத் தருகிற நிம்மதியை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

2009 என்று ஞாபகம். நான்காம் வகுப்புக்கு "என் குடும்பம்" என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: "என் அப்பா நல்லவர். அவர் காலையில் மட்டும் நல்லவர். சாயங்காலம் நாங்கள் பெரியம்மா வீட்டில் படிப்போம்."

சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டைக் கொண்டுபோய் மற்ற ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சமயத்தில் அது எனக்கு ஒரு நல்ல வாக்கியமாக, எதிர்பாராமல் திரும்புகிற ஒரு வாக்கியமாகத்தான் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். யார் வழியாகப் போனதென்று நான் விசாரிக்கவில்லை. தொடங்கியவள் நான். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் யாரோ அவன் அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, இப்பக் காலையா சாயங்காலமா?" என்று கேட்டார்களாம்.

பையன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். எதுவும் கேட்கவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் எழுதிய கட்டுரையில், "என் தந்தை கடமை தவறாதவர். அவர் எங்களை நல்வழியில் நடத்துகிறார்" என்று இருந்தது. ஓர் எழுத்துப்பிழை இல்லை. தந்தை என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் நோட்டில் அதுவரைக்கும் அப்பாதான் இருந்தார். நோட்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அப்படியேதான் எழுதினான். தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர் செஞ்சது தப்புப்பா" என்று சொன்னேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை பரவாயில்லை என்று சொல்லும்போது நாம் பதிலுக்குச் சொல்ல எதுவுமில்லை.

இப்போது அவன் சரக்கு வேன் ஓட்டுகிறான். போன வருடம் சாத்தூர் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க டீச்சர். ஊர் பேரு மட்டும் போடாதீங்க" என்றான்.

அதிலிருந்து எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "கொல்" போன்ற பிழைகளை எங்கேயும் சொல்வேன், பிள்ளையிடமே காட்டி இருவரும் சிரிப்போம். வீட்டுக் கதை என்றால் நோட்டை மூடிவிடுவேன். இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளின் விடைத்தாளைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுகின்றன. பெயரை மறைத்துத்தானே போட்டோம் என்கிறார்கள். 38 பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் கையெழுத்தே பெயர்தான். இதைக் குழுவில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. இருக்கட்டும். ஆனால் வீட்டிலோ வெளியிலோ யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னால் அதை மூடி வைக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். ஏன் எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டுக்காரச் சிறுமி மூன்றாம் நாள் வந்தாள். பாவாடையெல்லாம் ஆட்டு வாடை. வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்து இன்னொரு கடிதத்தைக் கொடுத்தாள். விடுப்பு முடிந்து வந்ததற்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று அவளாகவே நினைத்திருக்கிறாள். அனுப்புநர், பெறுநர், ஐயா/அம்மா எல்லாம் முறையாக இருந்தது. கீழே:

"இரண்டு குட்டி. ஒன்று கறுப்பு. கறுப்பு இன்னும் சரியாக நிற்கவில்லை. அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. நான் வந்துவிட்டேன்."

"பார்த்துக்கொள்வதாக" என்பதில் முதலில் லகரம் போட்டு, அழித்து, ளகரம் எழுதியிருந்தாள். அழித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.