திருத்தாத கொப்பிகள்

என் மகன் தரம் மூன்றுக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். கணக்கை வாயால் சொன்னால் உடனே விடை வரும்; அதையே கரும்பலகையில் வசனமாக எழுதினால் பேசாமல் இருப்பான். “சோம்பல், போகப் போகச் சரியாகிவிடும்” என்று பலரும் சொன்னார்கள். மாலை முழுவதும் கொப்பியோடு மல்லுக்கட்டி, அழுதபடி தூங்கும் பிள்ளையிடம் எங்கே இருக்கிறது சோம்பல்?

திருகோணமலையில் இதே கவலையோடு இருக்கும் பெற்றோருக்காக நாங்கள் கடந்த வழியை எழுதுகிறேன்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்தோம். இரண்டிலும் குறையில்லை. அதன் பிறகுதான் சிறுவர் மருத்துவரிடம் போனோம். புறப்படும் முன் வகுப்பாசிரியை சொன்ன யோசனைக்கு நான் என்றும் நன்றியுடையவள்: “பிழைகளைத் திருத்தாமல் கொப்பிகளை அப்படியே கொண்டுபோங்கள் அம்மா.” ‘வாசிக்கிறான் இல்லை’ என்று மட்டும் சொன்ன இடங்களில் எங்களுக்குக் கிடைத்தது ஆறுதல் வார்த்தைதான். கொப்பியை விரித்த இடத்தில் கேள்விகள் பிறந்தன. ‘தோணி’ அவனுடைய கையில் ‘தேணி’ ஆகும், ‘கொடி’ ‘கெடி’ ஆகும். நாம் மெய்யொலியை முதலில் சொல்லி உயிரொலியைப் பின்னால் சேர்க்கிறோம்; எழுத்திலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கின்றன. அந்தக் கால்தான் அவனிடம் ஓயாமல் தவறிப்போனது. ண, ன, ந குழப்பம் தனி.

மதிப்பீட்டின் முடிவில் டிஸ்லெக்சியா என்றார்கள். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான் இடர்பாடு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருக்கலாம் என்று விளக்கினார்கள். எனக்கு உடனே அண்ணாவின் நினைவு வந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர். இன்று படகு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்பவர். அவருடைய கொப்பிகளை அன்று யார் பார்த்தார்கள்?

மகனை விசேட கல்வி அலகுக்கு, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு, மாற்றலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அந்த அலகு பல பிள்ளைகளுக்கு அவசியமானது. ஆனால் காதால் கேட்ட பாடம் முழுவதும் புரிகிற இவனுக்குச் சாதாரண வகுப்பே பொருத்தம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் அறிக்கையோடு போய்க் கேட்டேன். அவர் பாடசாலையோடு பேசினார். முன்வரிசையில் இடம், வாய்மொழியாக விடை சொல்ல அனுமதி, கரும்பலகையிலிருந்து குறைவாக எழுதினால் போதும், எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிக்கச் சொல்வதில்லை என்று முடிவானது. கடைசியாகச் சொன்னதுதான் அவனுக்குப் பெரிய விடுதலை. பாடசாலைக்குப் போகும் காலைகளில் வந்துகொண்டிருந்த வயிற்றுவலி நின்றுவிட்டது.

இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கக் கூடாது என்று இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க இலங்கைச் சட்டம் சொல்வதையும் தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டில் கொம்பையும் காலையும் சிவப்பு நிறத்தில் எழுதிப் பழகுகிறோம். கொஞ்ச நேரம்தான், களைத்தால் நிறுத்திவிடுவோம். வேகம் இன்னும் வரவில்லை, ஆனால் ‘தோணி’யில் கால் நிற்கிறது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் அதன் பரிந்துரைகளை விளக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய தரம் தொடங்கும்போது புதிய ஆசிரியரிடம் ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். மூலப்பிரதியைப் பத்திரப்படுத்துங்கள், பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் கேட்டுப் பாடசாலை ஊடாக விண்ணப்பிக்க அது தேவைப்படும்.