ஏழு கதவுகள் கொண்ட ஹால்: சென்னையில் வீடு தேடிய அனுபவம்

வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தபோது எங்களுடைய நிபந்தனைகள் எளிமையாகத்தான் இருந்தன. தென்சென்னையில், புறநகர் ரயிலோ மெட்ரோவோ எட்டும் தூரத்தில், இரண்டு அல்லது மூன்று படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு வேண்டும். முழங்கால் வலியுள்ள அத்தை அதில் சிரமமின்றி நடமாட வேண்டும். வங்கி கடன் கொடுக்கும் அளவுக்குப் பத்திரங்கள் சரியாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர உறவினர்கள் பலர் இருந்தார்கள். வீட்டின் உள்ளமைப்பை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நாங்கள் வேண்டாமென்று திரும்பிய வீடுகளில் பெரும்பாலானவை உள்ளமைப்பின் காரணமாகவே கைவிடப்பட்டன. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நங்கநல்லூரில் பார்த்த ஒரு புதிய வீட்டை என்னால் மறக்க முடியாது. மூன்று படுக்கையறை, 950 சதுர அடி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஹால் விசாலமாகத் தெரிந்தது. ஆனால் சோபாவை எங்கே போடுவது என்று பார்த்தபோது அதற்கு ஒரு சுவர்கூட இல்லை. வாசற்கதவு, மூன்று படுக்கையறைக் கதவுகள், சமையலறை வாசல், பொதுக் குளியலறை, பால்கனி என்று ஏழு கதவுகள் அந்த ஹாலில்தான் திறந்தன. ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் இடையில் இருந்த சுவர் எங்குமே நான்கடியைத் தாண்டவில்லை. ஹால் என்று காட்டப்பட்ட அந்த இடம் உண்மையில் அறைகளுக்குப் போகும் நடைபாதை. டிவியை ஒரு பக்கம் மாட்டினால் எதிரே உட்காருபவர் குளியலறைக் கதவை மறித்து உட்கார வேண்டியிருக்கும். மூன்றாவது படுக்கையறை ஏழடிக்கு ஒன்பதடி. கட்டிலைப் போட்டால் அலமாரியின் கதவைத் திறக்க முடியாது. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பில் படிக்கக் கிடைக்கும் அளவு. 7.5 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 81 சதுர அடி. இந்த அறையோ 63 சதுர அடி. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அதில் அந்த அறை ஸ்டோர் என்றே குறிக்கப்பட்டிருந்தது.

இப்படி ஏன் கட்டுகிறார்கள் என்பது சில வீடுகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சென்னையின் பழைய குடியிருப்புகளில் மனை பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. அந்த மனையில் இருந்த தனிவீட்டை இடித்துவிட்டு ஜாயின்ட் வென்ச்சரில் கட்டும்போது, நிலத்தின் சொந்தக்காரருக்கும் அவருடன் பிறந்தவர்களுக்கும் ஆளுக்கொரு வீடு போக, பில்டர் விற்பதற்கும் வீடுகள் மிஞ்ச வேண்டும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. கட்டக்கூடிய பரப்பு கூடியது. மனையின் அகலம் கூடவில்லை. நாற்புறமும் விட வேண்டிய இடத்தை விட்டு, நடுவில் படிக்கட்டும் லிஃப்டும் வைத்து, மீதியில் ஒரு தளத்துக்கு இரண்டு வீடுகள் வரைகிறார்கள். இரண்டு படுக்கையறை வீட்டைவிட மூன்று படுக்கையறை வீடு சீக்கிரம் விலைபோகும் என்பதால் அதே பரப்பில் மூன்றாவது அறையையும் செருகுகிறார்கள். குறைவது எப்போதும் ஹாலும் சமையலறையும்தான். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் அந்த மூன்றாவது அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை அங்கே படுத்தால், காலை ஐந்தரை மணிக்கு மிக்ஸி ஓடும்போது அந்தப் பிள்ளையும் எழுந்துவிட வேண்டியதுதான்.

விளம்பரத்தில் சொல்லும் பரப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்பதற்குத் தெளிவான வரையறை தருகிறது. வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பும் உள்தடுப்புச் சுவர்களும் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் செல்லும் ஷாஃப்ட், திறந்த மாடி ஆகியவை சேரா. மறுவிற்பனை வீடுகளுக்கு வரும் புரோக்கர்களோ படிக்கட்டையும் லிஃப்டையும் பங்குபோட்டுச் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கைத்தான் இன்றும் சொல்கிறார்கள். நங்கநல்லூர் வீட்டை நாங்கள் டேப் வைத்து அளந்தபோது சுவருக்குள் கிடைத்தது 700 சதுர அடிக்கும் குறைவு. அன்றிலிருந்து டேப் இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பார்த்த வீட்டை அன்றிரவே கிராஃப் தாளில் வரைந்து, எங்களிடம் இருக்கும் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி அதன்மேல் வைத்துப் பார்ப்போம். நேரில் பார்த்தபோது மனதைக் கவர்ந்த வீடு தாளில் தோற்றுப்போவதும், சுமாராகத் தெரிந்த வீடு பொருந்தி வருவதும் அப்போதுதான் தெரியும்.

வாஸ்து பற்றிப் பேசாமல் சென்னையில் வீட்டின் அமைப்பைப் பற்றிப் பேச முடியாது. அத்தைக்கு அதில் நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை மதித்தே தேடினோம். பெரிய மனையில் வாஸ்துப்படி வீடு கட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே தளத்தில் இரண்டு வீடுகளுக்கும் அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை, கன்னி மூலையான தென்மேற்கில் பெரிய படுக்கையறை, கிழக்கு வாசல் என்று வரைய முயலும்போதுதான் வீடு கோணலாகிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் வாசலைக் கிழக்கே வைப்பதற்காக, லிஃப்டிலிருந்து வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி மூன்றடி அகலச் சந்து ஒன்றை விட்டிருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் போய்த்தான் உள்ளே நுழைய வேண்டும். பீரோவை அந்தச் சந்தில் எப்படித் திருப்புவது என்று கேட்டதற்கு, "மேடம், கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்திடலாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் புரோக்கர். என் மனதில் அப்போது எழுந்த கேள்வி பீரோவைப் பற்றியது மட்டுமல்ல. நாளை ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஸ்ட்ரெச்சர் அந்த மூலையில் திரும்புமா என்பதுதான்.

காற்றைப் பற்றி எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. சென்னையின் கோடையைத் தாங்க வைப்பது கடற்காற்று. நண்பகலை ஒட்டி அது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். அது தாமதமாகும் நாள்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அக்னி மூலை என்பது அதே தென்கிழக்கு. நாங்கள் பார்த்த பல வீடுகளில் அந்தக் காற்று முதலில் நுழைவது சமையலறையில். முற்றமும் பின்கட்டும் உள்ள பழைய வீட்டில் காற்று போக வேறு வழிகள் உண்டு. அடுக்குமாடி வீட்டில் சமையலறையின் புகையையும் தாளிப்பு நெடியையும் சுமந்துகொண்டு அது ஹாலுக்குள் வருகிறது. அல்லது எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாததால் வராமலே நின்றுவிடுகிறது. இதை அத்தையிடம் பொறுமையாக விளக்கியபோது, வாயு மூலையான வடமேற்கிலும் சமையலறை வைக்கலாம் என்று அவரே சொன்னார். அந்த ஒரு சொல் எங்கள் தேடலை வெகுவாக எளிதாக்கியது.

பழைய வீடுகளில் குறைகள் வேறு வகை. கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருப்பார்கள்; பின்னால் வந்தவர்கள் சேர்த்தவைதான் சிக்கல். பால்கனியை மூடி அறையோடு சேர்த்துவிடுவார்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் அறைக்கு வெளிச்சமே இருக்காது. பெரிய படுக்கையறையின் ஒரு மூலையில் சுவர் எழுப்பி அட்டாச்டு பாத்ரூம் ஆக்குவார்கள். குளியலறையாகத் திட்டமிட்ட இடத்தில் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்துக்குள் குழாயைப் பதிப்பது வழக்கம். பின்னால் சேர்த்த குளியலறைக்கு அந்தப் பள்ளம் கிடையாது. ஆகவே தரையை முக்கால் அடிவரை உயர்த்தி அதற்குள் குழாயை ஓட்டுவார்கள். ஆதம்பாக்கத்தில் அத்தையை அழைத்துச்சென்று காட்டிய முதல் வீட்டில் இப்படித்தான் இருந்தது. இரவில் எழுந்து, ஈரமான ஓர் உயரப் படியில் ஏறி, கைப்பிடி இல்லாத சுவரைப் பிடித்தபடி அவர் உள்ளே போக வேண்டும். "நான் இங்க ஒரு நாள் விழுந்துடுவேன்மா" என்று அவர் சொன்ன பிறகு அந்த வீட்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. மேடவாக்கம் பக்கம் ஒரு வில்லாவையும் பார்த்தோம். இரண்டு மாடி உயர ஹால், மேற்கே முழுவதும் கண்ணாடி. சாயங்கால வெயிலில் அங்கே பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

வெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போக வேண்டும். புரோக்கர்கள் காலையில் வரச் சொல்வார்கள். எல்லா விளக்குகளையும் போட்டு வைத்திருப்பார்கள். நாங்கள் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு ஒவ்வோர் அறையிலும் சற்று நேரம் நிற்போம். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று பலர் நம்புகிறார்கள். சென்னை 13 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அந்த மாதங்களில் மாலை வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக விழும். வடமேற்கு அறையைப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"இன்டீரியர்ல எல்லாம் சரி பண்ணிக்கலாம் மேடம்" என்பது நாங்கள் போன இடமெல்லாம் கேட்ட வாக்கியம். எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதை எங்களுக்கு விளக்கியவர் கட்டடப் பொறியாளரான என் சித்தப்பா மகன். தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடத்தில் நாலரை அங்குல உள்தடுப்புச் சுவரை, உள்ளே மின்குழாய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, எடுக்கலாம். தூணையும் பீமையும் தொடக்கூடாது. தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டடத்தில் எந்தச் சுவரையும் பொறியாளரைக் கேட்காமல் உடைக்கக்கூடாது. கழிவறையை இடம் மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கழிவுக் குழாய் இறங்கும் ஷாஃப்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது இருக்க முடியும். நம் கழிவறை நகர்ந்தால் கீழ்வீட்டுக்காரரின் சமையலறைக்கு மேலேயோ பூஜை அலமாரிக்கு மேலேயோ போய் நிற்கும். ஜன்னல் இல்லாத அறைக்கு ஜன்னல் வைக்க வெளிச்சுவர் வேண்டும். அந்த வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுவானது. இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு வீட்டின் குறைகளையும் இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினோம். ஏழு கதவு ஹாலில் கதவுகளை இடம் மாற்றினாலும் அறைகள் அதே அறைகள்தான். சந்து வாசல் வீட்டில் மாற்ற எதுவுமே இல்லை. வரைபடத்திலிருந்து விலகிக் கட்டியது தெரிந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் குறித்துவிடுவார் என்பதையும் சித்தப்பா மகன்தான் சொன்னார். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரைபடத்தைக் கேட்டோம். கொடுக்கத் தயங்கியவர்களிடம் மேற்கொண்டு பேசவில்லை.

இறுதியில் வாங்கியது ஆதம்பாக்கத்திலேயே, முதல் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட மறுவிற்பனை வீடு. தென்கிழக்கில் பால்கனியோடு ஹால், தென்மேற்கில் பெரிய படுக்கையறை, வடகிழக்கில் சிறிய படுக்கையறை, வடமேற்கில் சமையலறை. ஹாலின் இரண்டு நீளச் சுவர்களில் கதவே இல்லை. கடற்காற்று ஹாலில் நுழைந்து வடக்கு வாசல்வரை போகிறது. குறைகளும் உண்டு. வாசலிலிருந்து ஹாலுக்கு நான்கடி அகலத்தில் பன்னிரண்டு அடி நீளப் பாதை ஒன்று இருட்டாகக் கிடந்தது. ஏறத்தாழ 48 சதுர அடி நடப்பதற்கு மட்டுமே போகிறது என்று கணவர் வருந்தினார். பொதுக் குளியலறையின் கதவு இரண்டேகால் அடிதான். ஆனால் இவை இரண்டும் திருத்தக்கூடியவை என்று எங்கள் தாளில் எழுதியிருந்தோம். அந்தச் செலவைக் கணக்கிட்டுக் காட்டி உரிமையாளரிடம் விலையைக் குறைத்துப் பேசவும் முடிந்தது. பதிவு முடிந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக்கும் பாதைக்கும் இடையிலான தடுப்புச் சுவரில் மேல்பாதியை எடுத்துவிட்டோம். சமையலறை ஜன்னலின் வெளிச்சம் இப்போது வாசல்வரை விழுகிறது. குளியலறைக் கதவை மூன்றடியாக்கி, உள்ளே இரண்டு கைப்பிடிகள் பொருத்தியாகிவிட்டது. அத்தை யாருடைய துணையும் இல்லாமல் போய்வருகிறார்.

சமையலறையின் மேற்கு ஜன்னல் மட்டும் மீதி இருக்கிறது. மே, ஜூன் மாதங்களின் மாலை வெயில் அடுப்பு மேடைமேல் நேராக விழும் என்பது வாங்கும்போதே தெரியும். சன்ஷேடை இரண்டடி நீட்ட வேண்டும். வெளிச்சுவர் பொதுவானது என்பதால் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அனுமதி கிடைக்கும்வரை மூங்கில் தட்டி கட்டியிருக்கிறேன்.