கையில் போய்ச் சேரும் காசு

ஜனவரி 6
விசா வரவில்லை. அதுவரை டிப்ஸ் கணக்கையாவது முடித்து வைக்கலாம்.

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏற்றத்துக்குச் சொல்லப்படும் டிப்ஸ் தொகையைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். 'வழிகாட்டிக்கு நாளுக்கு 20 டாலர்' என்றால் பெரும்பாலும் குழு முழுவதும் சேர்ந்து கொடுக்கும் 20 டாலர். தலைக்கு 20 அல்ல. ஆனால் தலைக்கணக்கில் சொல்லும் கம்பெனிகளும் இருக்கின்றன. குழுவுக்கா, ஆளுக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நாங்கள் போட்டது: வழிகாட்டி 20, உதவி வழிகாட்டி 15, சமையல்காரர் 15, சுமை தூக்குபவர் பத்துப் பேருக்கு ஆளுக்கு 8. நாளுக்கு 130, ஏழு நாளுக்கு 910 டாலர். நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 227.50.

ஜனவரி 7
ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவர் கண்ணில் படுவதே இல்லை. எல்லோரும் மறப்பதும் அவரைத்தான்.

ஜனவரி 9
அந்த அறை விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கிளம்பும் நாளில் மொத்தமாக வைத்துவிட்டுப் போவது நல்ல எண்ணம்தான், ஆனால் பணம் தப்பான கைக்குப் போகும். மூன்று நாள் கூட்டித் துடைத்தவருக்கு நான்காம் நாள் லீவாக இருக்கலாம். அன்று வந்தவர் எடுத்துக்கொள்வார், அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அதனால் தினமும் காலையில் வெளியே போகும்போது வைப்பதே சரி. தலையணை மேல் வேண்டாம், விரிப்போடு சுருட்டிப் போய்விடும். மேஜை மேல், 'அறையைச் சுத்தம் செய்பவருக்கு, நன்றி' என்று எழுதிய தாளோடு. தாள் இல்லாவிட்டால் தொடமாட்டார்கள்: விருந்தினர் மறந்து வைத்த பணத்தை எடுத்ததாகப் புகார் வந்தால் வேலையே போய்விடும். தினசரி சுத்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், காலி செய்யும் நாளில்தான் அவருக்கு வேலை அதிகம். அன்று கூடுதலாக வைக்க வேண்டும்.

அறையில் வைப்பது நோட்டாகவே இருக்க வேண்டும், அந்த ஊர் நோட்டாக. வெளிநாட்டுச் சில்லறைக் காசைப் பணம் மாற்றும் கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. கொடுத்தவருக்குத் திருப்தி, வாங்கியவருக்கு அது வெறும் உலோகம்.

ஜனவரி 10
அக்கா அமெரிக்காவில் இறங்குகிறாள். அவளுக்கு எழுதியது:

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், வரி சேர்க்காத தொகைக்கு 15 முதல் 20 சதவீதம். அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது மாறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து பொதுவான குறைந்தபட்சமான 7.25-ஐத் தொடாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது, முழுக் குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும். ஆனாலும் டிப்ஸ் எதிர்பார்ப்பு அங்கேயும் அப்படியேதான்.

பெரிய குழுவாகப் போனால் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருப்பார்கள். கவனிக்காமல் மேலே 20 சதவீதம் எழுதினால் இரட்டைச் செலவு. அந்தச் சார்ஜ் சட்டப்படி முதலில் கடையின் வருமானம். யாருக்குப் போகிறது என்று சர்வரிடமே கேட்கலாம்.

ஜனவரி 11
இன்றும் விசா இல்லை.

ஜனவரி 12
ஜெர்மனியில் மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வருவது வழக்கமில்லை. பணம் கொடுக்கும்போதே எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வேண்டும்: பில் 27.40 யூரோ என்றால் 'முப்பது'. நோட்டை நீட்டும்போதே 'டாங்கே' (நன்றி) என்று சொன்னால் மீதி வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். 50 யூரோ நோட்டோடு இதைச் செய்யக் கூடாது.

பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே இருக்கிறது. ஜப்பானில் உணவகத்தில் விட்டுவந்தால் பணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள். அந்தத் தர்மசங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே மரியாதை.

ஜனவரி 15
கிளிமஞ்சாரோவில் மொத்தத்தையும் ஒரே கவரில் போட்டுத் தலைமை வழிகாட்டியிடம் நீட்டினால், கடைசியில் இருக்கும் சுமைதூக்கிக்கு என்ன கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கவர். எல்லோரும் கலைவதற்கு முன், எந்த வேலைக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்லி, அவரவர் கையில். கூச்சம் பார்க்கக் கூடாது, வாய்விட்டுச் சொன்னால்தான் தொகை குறையாமல் சேரும்.

கிழிந்த நோட்டு, பேனா கிறுக்கிய நோட்டு, பழைய வரிசை டாலர் எதுவும் அங்கே செல்லாது. 1, 5, 10 டாலர்களாகப் புதிய நோட்டு கேட்டு வாங்க வேண்டும். நூறு டாலரை மலையில் யார் மாற்றுவது?

ஜனவரி 16
அறைக்கான தாள்களை இப்போதே எழுதி பாஸ்போர்ட் உறையில் வைத்தாயிற்று. நன்றிக்கு அந்த ஊர் மொழியான ஸ்வாஹிலியில் 'அசாந்தே' போதும்.

ஜனவரி 18
நால்வரில் ஒருவர் வரவில்லை. கணக்கை மறுபடி போட வேண்டும். ஆள் குறைந்ததால் சுமைதூக்கிகள் எட்டுப் பேர் போதும் என்கிறார்கள்: நாளுக்கு 114, ஏழு நாளுக்கு 798. மூவருக்குப் பிரித்தால் தலைக்கு 266. வழிகாட்டியும் சமையல்காரரும் அப்படியே இருப்பதால்தான் பங்கு ஏறுகிறது. சுமைதூக்கியின் 8-ஐக் குறைத்து இதைச் சமன் செய்யலாமே என்று ஒரு யோசனை வந்தது. முடியாது என்று பதில் அனுப்பியாயிற்று.