பக்கத்து வீட்டு மனுவும் எங்கள் வீட்டுக் கோழிகளும்

எங்கள் தெரு ஆனையூர்ப் பக்கம். 2011-ல் மதுரை மாநகராட்சி எல்லையை விரித்தபோது இந்தப் பகுதியும் உள்ளே வந்தது. அதற்கு முன்பு வீட்டுக்கு வீடு பஞ்சாரம் கிடக்கும். கோழி தெருவில் மேய்வதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்ததில்லை. இப்போது காலி மனையெல்லாம் மாடி வீடு. வந்தவர்கள் வங்கியில் கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டுகிறவர்கள். நாங்கள்தான் முதலில் வந்தோம், எங்கள் கோழியும் முதலில் வந்தது என்ற பேச்செல்லாம் அவர்களிடம் எடுபடாது. எடுபடவும் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

எங்களிடம் இருந்தது சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வகையில் பெட்டைகள் ஒன்பது, சேவல் ஒன்று. ஒரு மத்தியானம் சுகாதார ஆய்வாளர் கையில் மனுவோடு வந்து நின்றார். சேவல் சத்தம், நாற்றம், ஈ என்று மூன்று புகார். பெயர் இல்லாத மொட்டை மனு. யார் எழுதியிருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் உடனே ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். கையெழுத்தைக்கூட உற்றுப் பார்த்தார். எழுதியவர் யார் என்று தெரிந்தால் சண்டை வருமே தவிர நாற்றம் போகாது என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பினேன்.

ஆய்வாளர் தன்மையாகத்தான் பேசினார். "கோழி வளர்க்காதீங்கன்னு சொல்ல வரலம்மா. இடத்தைச் சுத்தமா வைங்க, வந்து பார்த்து எழுதிட்டுப் போறேன். திரும்பத் திரும்ப மனு வந்தா நோட்டீஸ் கொடுக்க வேண்டி வரும்" என்றார். இந்த மாதிரி விஷயம் முற்றினால் கோட்டாட்சியர் வரைக்கும் போகலாம். பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. அவ்வளவு தூரம் போக விடுவானேன்?

அப்புறம் சுற்றியுள்ள நான்கு வீட்டுக்கும் நானே போனேன். மனு போட்டீர்களா என்று யாரிடமும் கேட்கவில்லை. "நம்ம கோழியால உங்களுக்கு என்ன தொந்தரவு, சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று மட்டும் கேட்டேன். வெறுங்கையோடுதான் போனேன். முட்டை கொண்டுபோய்க் கொடு என்று பலரும் சொன்னார்கள். குறையைச் சரிசெய்யாமல் முட்டையை நீட்டினால் அது வாயை அடைக்கிற வேலை. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும்.

வடக்கு வீட்டு சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சத்தம் பிரச்சினையே இல்லை. எங்கள் பெட்டைகள் சுவரேறிப் போய் மல்லிகைப் பதியனைக் கிளறிப் போட்டிருந்தன. எதிர் வீட்டில் ஈ. தெற்கு வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "எல்லாத்தையும் வித்துருங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

பின்வீட்டு டீச்சர் சொன்னதுதான் நான் எதிர்பாராதது. சேவல் விடியற்காலையில் கூவுவது அவருக்குப் பழகிவிட்டதாம், எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவாராம். மகள் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து காலை எட்டரைக்குத்தான் படுக்கிறாள். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிட்டுவிட்டுக் கேற ஆரம்பிக்கும். ஒன்று கேறினால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். முட்டைக் கூடைகள் இருந்ததோ அவள் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. மனுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

அதைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. கூடைகளை எங்கள் சமையலறைச் சுவர் ஓரமாக மாற்றினேன். பெட்டைகள் பழைய இடத்தைத் தேடிப் போகாமல் இருக்க, புதுக் கூடையில் வைக்கோலைப் போட்டு ஒரு முட்டையை அடையாளத்துக்கு விட்டு வைத்தேன். பழைய மூலையில் செங்கலை அடுக்கி மறித்தேன். இப்போது அவை கேறுவது எங்கள் காதைத்தான் துளைக்கிறது.

சுவரேறுகிற பெட்டைகளுக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தோம். இரண்டு பக்கமும் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் குறைந்தால்தான் நிதானம் தப்பி எழும்ப முடியாமல் போகும். முற்றிய இறகாக இருந்தால் வலியும் இல்லை, ரத்தமும் வராது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டும். சாருக்கு நல்ல பதியனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

நாற்றத்துக்குத்தான் நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. எச்சம் காய்ந்திருந்தால் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டால்தான் அம்மோனியா கிளம்பி மூக்கைச் சுடும். அதனால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மழைச்சாரல் ஒன்று, தண்ணீர்ச் சட்டி இன்னொன்று. சட்டி தரையில் இருந்தால் கோழி அதில் ஏறி நின்று கொட்டும். கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து அதன்மேல் சட்டியை வைத்தால் குடிக்க முடியும், கொட்ட முடியாது. கூரைத் தகரத்தை ஓரடி நீட்டினோம். தரையில் ஆலையில் வாங்கிய உமியை நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறி, ஈரம் தெரிகிற இடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவினோம். உமியைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உடனே அள்ளிவிட வேண்டும். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி.

ஈயும் அதோடு சேர்ந்தே குறைந்தது. நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் ஈரமான எச்சத்தை அள்ளி மூடி வைத்துவிட்டால் அடுத்த ஈட்டுக்கு வழியில்லை. அள்ளுவதை மண்ணும் சருகும் போட்டு மக்கவிட்டு முருங்கைக்குப் போடுகிறோம். மிச்சச் சோற்றை இறைத்துவிட்டு அப்படியே விடுவதையும் நிறுத்தியாயிற்று. எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

சேவல்தான் பாக்கி. சாக்குப் போட்டு மூடி இருட்டில் வைத்தால் கூவாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சத்தம் அமுங்கியதே தவிர நிற்கவில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வெளிச்சம் மாறாத அறையில் வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது, அதுவும் விடிவதற்கு வெகு முன்பே. அப்படியிருக்க, சாக்கு என்ன செய்யும்? கழுத்தில் பட்டை கட்டினால் சத்தம் குறையும் என்றார்கள். கொஞ்சம் இறுகினால் மூச்சு முட்டிச் சாகும். அந்தப் பாவம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்னைக் கேட்டால், நெருக்கமான தெருவில் சேவல் சத்தத்துக்கு மருந்தே கிடையாது. சேவல் போகத்தான் வேண்டும்.

ஆனால் விற்கவும் முடியாது. என் மாமியார் அதைப் பாண்டி கோயிலுக்கு நேர்ந்து விட்டிருந்தார். "சாமிக்குன்னு சொன்னதைச் சந்தையில விக்கச் சொல்றியாத்தா?" என்று ஒரே பிடியாக நின்றார். சரி, ஆடியில் செலுத்துவதை வைகாசியிலேயே செலுத்திவிடலாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொடுக்கிறதை முன்னாடி கொடுத்தா அவரு கோவிக்கவா போறாரு" என்று இறங்கி வந்தார். கோயில் இருக்கிற மேலமடைக்குப் போய்ப் பொங்கல் வைத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இடையில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் செய்தி வந்தபோது எதிர் வீட்டு அக்கா பயந்துபோய்க் கேட்டார். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடமே பேசவிட்டேன். வருஷா வருஷம் பிப்ரவரி முகாமில் போடுவது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி. அதற்குக் காசு இல்லை. பறவைக் காய்ச்சல் வேறு நோய், அதற்கு இந்த ஊசி உதவாது. கோழிகள் திடீரென்று கொத்தாகச் செத்தால் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். நான் சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருக்க மாட்டார்.

ஆய்வாளர் மறுபடி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மனு வரவில்லை. வடக்கு வீட்டு சார் இப்போது முட்டைக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்கிறார், வாங்கிக்கொள்கிறேன். தெற்கு வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், அதில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். அடைக்கு வைக்க அலங்காநல்லூரில் என் அண்ணன் வீட்டிலிருந்து முட்டை கொண்டுவருகிறேன். பொரிக்கிறதில் சேவல் குஞ்சும் இருக்கும். நாலு மாசம் ஆகி, தொண்டையைக் கரகரத்துப் பழக ஆரம்பித்ததும் அதே கூடையில் அண்ணன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.